அடுத்து வருவது நாடகம்: 1960களின் பிரித்தானியத் தொலைக்காட்சியில் பல்சுவை நிகழ்ச்சியும் தனி நாடகமும்

ஆய்வுச் சுருக்கம்

1960களின் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தனி நாடகங்கள் கலைப்படைப்புகளாகவும், பல்சுவை நிகழ்ச்சிகள் வெறும் பொழுதுபோக்காகவும் தனித்தனியே பயிலப்பட்டு வருகின்றன. இப்பிரிவினை அக்காலத்துப் பார்வையாளரின் அனுபவத்தோடும் எழுத்தாளரின் தொழில்வாழ்வோடும் பொருந்துவதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நாடகம் எந்நிகழ்ச்சியை அடுத்து வந்தது என்பது அதன் வடிவத்தையும் வரவேற்பையும் பாதித்தது என்பதும், பதிவுகளின் அழிவு இப்பிரிவினையை மேலும் வலுப்படுத்தியது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சி நாடகம், பல்சுவை நிகழ்ச்சி, நிகழ்ச்சி நிரல், அண்டைமை, ஒளிநாடா, ஆவணக்காப்பு

முன்னுரை

பிரித்தானியத் தொலைக்காட்சி வரலாற்றில் 1960கள் தனி நாடகத்தின் பொற்காலம் எனப் போற்றப்படுகின்றன. ஹரோல்ட் பின்ட்டர், டெனிஸ் பாட்டர், டேவிட் மெர்சர், நெல் டன் ஆகிய எழுத்தாளர்களும், கென் லோச் போன்ற இயக்குநர்களும் இப்புகழுக்கு உரியவர்கள். அதே ஆண்டுகளில், அதே நிலையங்களிலிருந்து, பல வேளைகளில் அதே இரவில், பாடகர், நகைச்சுவையாளர், ஆடற்குழுவினர், வித்தைக்காரர் ஆகியோர் பங்கேற்ற பல்சுவை நிகழ்ச்சிகளும் ஒளிபரப்பாயின. முன்னவை குறித்து ஆய்வு நூல்கள் பல உள்ளன. பின்னவை பெரும்பாலும் கலைஞர்களின் தன்வரலாறுகளிலும் நினைவுக் கட்டுரைகளிலும் மட்டுமே இடம்பெறுகின்றன.

ஒளிபரப்பின் அலகு தனி நிகழ்ச்சியன்று, ஒன்றையடுத்து ஒன்றாகத் திட்டமிட்டு அமைக்கப்படும் ஓட்டமே என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளிவந்த தம் தொலைக்காட்சி பற்றிய நூலில் எடுத்துரைத்தார். அவர் வெளியிலிருந்து பார்த்த கோட்பாட்டாளர் மட்டுமல்லர். 1960களில் பிபிசிக்குத் தொலைக்காட்சி நாடகங்கள் எழுதியவருமாவார். அவருடைய கருத்து பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளது. எனினும் 1960களின் நாடகங்களை வாசிக்கும்போது அது பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்படுகிறது. அச்சில் வெளியான நாடகப் பனுவலும் மீட்டெடுக்கப்பட்ட பதிவும் தனித்து நிற்கும் நூல்களைப்போல வாசிக்கப்படுகின்றன.

ஓட்டம் என்னும் கருத்தாக்கம் எல்லாவற்றையும் ஒரே நீரோட்டமாகக் காட்டிவிடும் குறையுடையது. எனவே, ஒரு நிகழ்ச்சி எதனை அடுத்து வைக்கப்பட்டது, அந்த வைப்பு அதற்கு எதனைத் தந்தது என்னும் குறுகிய வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இத்தொடர்பை இங்கு ‘அண்டைமை’ என வழங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு

பிரித்தானியாவில் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி 1955 செப்டம்பர் 22ஆம் நாள் தொடங்கியது. மூன்று நாள் கழித்து ‘சண்டே நைட் அட் த லண்டன் பலேடியம்’ என்னும் பல்சுவை நிகழ்ச்சி ஏடிவி நிறுவனத்தின் தயாரிப்பாக ஒளிபரப்பாகத் தொடங்கி 1967 வரை நீடித்தது. லண்டனின் புகழ்பெற்ற பலேடியம் அரங்கிலிருந்து நேரலையாக வழங்கப்பட்ட இந்நிகழ்ச்சி, இசையரங்க மரபின் வரிசைமுறையை அப்படியே பின்பற்றியது. முதலில் ஆடற்குழு, பின்னர்ச் சிறு கலைஞர்கள், நடுவே பார்வையாளர் பங்கேற்கும் ‘பீட் த கிளாக்’ என்னும் விளையாட்டு, இறுதியில் அன்றைய தலைமைக் கலைஞர், முடிவில் அனைவரும் சுழல்மேடையில் நின்று விடைபெறுதல் என்பது அதன் அமைப்பு. 1963 அக்டோபர் 13ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் தோன்றியது இம்மேடையில்தான்.

1956இல் ஏபிசி நிறுவனம் ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ என்னும் தனி நாடக வரிசையைத் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன் 1958இல் அதன் பொறுப்பை ஏற்றார். நாட்டுப்புற மாளிகைகளின் வரவேற்பறைகளில் நிகழும் மேடை நாடகங்களைத் தவிர்த்து, சமகால உழைக்கும் மக்களின் வாழ்வைப் புதிதாக எழுதச் செய்தது அவருடைய சாதனை என்பர். இது உண்மையே. ஆயினும் அந்நாடகங்களைப் பல இலட்சம் பேர் பார்த்தது எவ்வாறு என்பதற்கு விடை வேறிடத்தில் உள்ளது. ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ ஞாயிறு இரவில், வழக்கமாகப் பலேடியம் நிகழ்ச்சியை அடுத்து ஒளிபரப்பப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய பார்வையாளர் கூட்டங்களுள் ஒன்று ஏற்கெனவே திரையின் முன் அமர்ந்திருந்தது. 1964 ஏப்ரலில் பிபிசி2 தொடங்கும்வரை அலைவரிசைகள் இரண்டே. அலைவரிசையை மாற்ற எழுந்து சென்று பெட்டியின் குமிழைத் திருப்பவேண்டும். அமர்ந்தவர் அமர்ந்தபடியே நாடகத்தையும் பார்த்தனர்.

தமிழ் ஆய்வாளர்க்கு இந்நிலை புதிதன்று. ஸ்பெஷல் நாடக மேடையில் பபூனும் நடனப்பெண்ணும் முதலில் வந்து கூட்டத்தைத் திரட்டி, சிரிக்கவைத்து, இருத்திய பின்னரே கதை தொடங்குகிறது. கதைநாயகன் பெறும் செவிகள் பபூன் ஈட்டிக் கொடுத்தவை. பலேடியத்துக்கும் ‘ஆர்ம்சேர் தியேட்டரு’க்கும் இடையே இருந்த உறவும் இத்தகையதே. வேறுபாடு ஒன்றுண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இரண்டும் ஒரே இரவின் ஒரே ஆட்டத்தின் பகுதிகள். இங்கோ இரண்டும் இருவேறு நிறுவனங்களின் தயாரிப்புகள், இடையே விளம்பரங்கள், வேறு தலைப்பு, வேறு இசை. அவற்றைப் பிணைத்தது நிகழ்ச்சி நிரல் மட்டுமே. அதனால்தான் பிற்காலத்தில் அவற்றைப் பிரிப்பதும் எளிதாயிற்று.

இரண்டுக்கும் பொதுவாக இருந்த மற்றொன்று நேரலையின் இடர். 1958 நவம்பர் 30 அன்று, மான்செஸ்டரின் டிட்ஸ்பரி நிலையத்திலிருந்து ‘அண்டர்கிரவுண்ட்’ என்னும் ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ நாடகம் நேரலையாகச் சென்றுகொண்டிருந்தபோது, கேரத் ஜோன்ஸ் என்னும் நடிகர் இரு காட்சிகளுக்கு இடையே மாரடைப்பால் இறந்தார். டெட் கோட்செஃபின் இயக்கத்தில் எஞ்சிய நடிகர்கள் அவருடைய பங்கை ஈடுசெய்து நாடகத்தை முடித்தனர். நடிகர் சங்கமான ஈக்விட்டி, ஐடிவி நிறுவனங்களுக்கு எதிராக 1961 நவம்பர் முதல் 1962 ஏப்ரல் வரை நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, பலேடியத்தின் ஒரு முழு நிகழ்ச்சியையும் புரூஸ் ஃபோர்சைத், நார்மன் விஸ்டம் ஆகிய இருவர் மட்டுமே நின்று நடத்தினர். முன்னது துயரம், பின்னது களிப்பு. எனினும், எது நேரினும் ஆட்டம் நிற்கலாகாது என்னும் தொழில்நெறி இரண்டிலும் ஒன்றே. ஒளிநாடாப் பதிவு வந்த பின்னரும் நாடாவை வெட்டி ஒட்டுவது செலவும் சிரமமும் மிக்கதாக இருந்ததால், நாடகங்கள் நேரலையைப்போலவே தொடர்ச்சியாக நடித்துப் பதிவாயின.

இரட்டையர் உரையாடலும் பின்ட்டரின் மௌனமும்

அண்டைமை பார்வையாளரைத் தந்ததோடு நின்றிருந்தால் அது வணிக வரலாற்றுச் செய்தியாகவே அமையும். அது வடிவத்துக்குள்ளும் புகுந்தது என்பதற்குப் பின்ட்டரின் ‘எ நைட் அவுட்’ சான்றாகும். 1960இல் முதலில் பிபிசி வானொலியிலும், அடுத்து ஏப்ரல் 24ஆம் நாள் ‘ஆர்ம்சேர் தியேட்டரி’லும் இது ஒளிபரப்பானது.

இந்நாடகத்தின் கதை சிறியது. ஆல்பர்ட் என்னும் அலுவலக எழுத்தர் தாயின் இடைவிடாத பிடியில் வாழ்பவன். அலுவலக விருந்தொன்றுக்குச் செல்கிறான். அங்கு ஒரு பெண்ணிடம் தகாதவாறு நடந்ததாக அவன்மீது பொய்ப்பழி விழுகிறது. வீடு திரும்பித் தாயிடம் வெகுண்டெழுகிறான். மீண்டும் வெளியேறி ஒரு விலைமகளின் அறையில் தன் அடக்கிய சினத்தைக் கொட்டுகிறான். இறுதியில் தாயின் குரலே அவனை மறுபடி சூழ்கிறது.

ஆல்பர்ட்டின் நண்பர்களான சீலியும் கெட்ஜும் காப்பிக் கடையின் முன் நின்று பேசும் காட்சி இங்குக் கவனத்துக்குரியது. சீலியாக நடித்தவர் பின்ட்டரே. கால்பந்தாட்டம் பற்றிய அற்பச் செய்தியொன்றை ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, சொன்னவர் திருத்த, கேட்டவர் மறுபடி கேட்க, பேச்சு முன்னேறாமல் ஓரிடத்திலேயே சுழல்கிறது. பிரித்தானிய இசையரங்கத்தின் நகைச்சுவை இரட்டையர் பேசும் முறை இது. ஒருவர் நேராக நிற்க, மற்றவர் தடுமாற, இருவருக்கும் இடையே தாளம்போல் வினாவும் விடையும் எழும்.

இவ்வொப்புமை தற்செயலானதன்று. 1959இல் பின்ட்டர் லண்டன் மேடைகளில் நடந்த ‘ஒன் டு அனதர்’, ‘பீசஸ் ஆஃப் எய்ட்’ ஆகிய, பாட்டும் துணுக்கும் கலந்த ரெவ்யூ நிகழ்ச்சிகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதியவர். பின்னதன் பெரும்பகுதியை எழுதியவர், பிற்காலத்தில் தொலைக்காட்சி நகைச்சுவையில் பெரும்புகழ் எய்திய பீட்டர் குக். ஒரே மேடைக்கு எழுதிய இருவருள் ஒருவர் நாடக வரலாற்றிலும் மற்றவர் பொழுதுபோக்கு வரலாற்றிலும் வைக்கப்பட்டது பிற்கால வகைப்பாட்டின் விளைவேயன்றி அவர்தம் எழுத்தின் இயல்பால் அன்று.

ஆயினும் பின்ட்டர் செய்தது மரபை அப்படியே இறக்குமதி செய்ததன்று. பலேடியத்தில் இத்தகைய உரையாடலின் ஒவ்வோர் அடியையும் அரங்கத்தின் சிரிப்பு நிறைவு செய்யும். நாடகத்தில் சிரிப்பவர் எவருமில்லை. சிரிப்பு விழவேண்டிய இடத்தில் மௌனம் விழுகிறது. வாரந்தோறும் பலேடியத்தின் சிரிப்பொலியில் பழகிய செவி அந்த இடத்தில் எதனையோ எதிர்பார்த்து ஏமாறுகிறது. பின்ட்டருக்கே உரியது எனப் பேசப்படும் அச்சுறுத்தும் மௌனத்தின் ஒரு பகுதி, நீக்கப்பட்ட சிரிப்பின் வெற்றிடமாகும். நூலில் வாசிப்பவர்க்கு இம்மௌனம் தத்துவமாகத் தோன்றலாம். ஞாயிறு இரவில் கண்டவர்க்கு அது முதலில் ஒரு தாளப்பிழையாகவே பட்டிருக்கும். இந்நாடகத்தின் விருந்துக்காட்சியும் இங்ஙனமே அமைகிறது. ஆட்டமும் களிப்பும் நிறைந்த ஒரு கூட்டம் நொடிப்பொழுதில் ஒருவனை நோக்கித் திரும்பும் குற்றக்கூண்டாகிறது. கூட்டத்தின் களிப்பு எத்துணை விரைவில் கொடுமையாகும் என்பதை, களிப்பை அப்பொழுதுதான் கண்டு முடித்த பார்வையாளர்முன் வைத்ததில் இந்நாடகத்தின் கூர்மை உள்ளது.

பார்வையாளரை நோக்கிப் பேசுதல்

பல்சுவை மேடையின் அடிப்படை இலக்கணம் பார்வையாளரை நேர்முகமாக விளித்தல். இயல்புநவிற்சி நாடகமோ பார்வையாளர் இல்லை என்பதாகவே நடிக்கப்படுவது. இவ்விரண்டுக்கும் இடையேயிருந்த சுவரை உடைத்த நிகழ்ச்சியாக 1962 நவம்பர் 24 முதல் 1963 டிசம்பர் 28 வரை பிபிசியில் சனி இரவுகளில் வந்த ‘தட் வாஸ் த வீக் தட் வாஸ்’ என்னும் அங்கத நிகழ்ச்சியைக் கூறலாம். நெட் ஷெரின் தயாரித்து, டேவிட் ஃப்ராஸ்ட் தொகுத்து வழங்கிய இந்நிகழ்ச்சி மிலிசென்ட் மார்ட்டின் பாடும் வாரச்செய்திப் பாட்டோடு தொடங்கும். துணுக்குகள், தனிப்பேச்சு, விவாதம் ஆகியன தொடரும். கேமராக்களும் அரங்கில் அமர்ந்த பார்வையாளரும் திரையில் வெளிப்படையாகக் காட்டப்பட்டனர். நடப்பது ஒரு நிகழ்ச்சி என்பதை மறைக்காமையே அதன் அழகியல்.

இந்நிகழ்ச்சிக்குத் துணுக்குகள் எழுதியவர்களுள் டேவிட் நேதனும் டெனிஸ் பாட்டரும் அடங்குவர். அப்போது இருவரும் செய்தித்தாளில் பணியாற்றியவர்கள். பின்னாளில் பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகத்தின் தலைசிறந்த எழுத்தாளராகக் கொண்டாடப்பட்ட பாட்டர், தொலைக்காட்சிக்கு எழுதப் பயின்ற இடங்களுள் ஒன்று பல்சுவை அங்கதம் என்பது போதிய அளவு வலியுறுத்தப்படவில்லை. 1965 டிசம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் ஒளிபரப்பான ‘ஸ்டாண்ட் அப், நைஜல் பார்ட்டன்’, ‘வோட், வோட், வோட் ஃபார் நைஜல் பார்ட்டன்’ ஆகிய அவருடைய இரு நாடகங்களையும் இப்பின்னணியில் வைத்துப் பார்த்தல் தகும்.

முதல் நாடகத்தில் சுரங்கத் தொழிலாளியின் மகன் ஆக்ஸ்ஃபோர்டு மாணவனாகித் தன் வகுப்பிலிருந்து அயன்மைப்படும் வேதனை பேசப்படுகிறது. அவனுடைய பள்ளிப்பருவக் காட்சிகளில் குழந்தைகளின் பங்கை வளர்ந்த நடிகர்களே ஏற்கின்றனர். வளர்ந்தோர் குழந்தைகளாக நடிப்பது நகைச்சுவைத் துணுக்கின் பழைய உத்தி. பாட்டர் அதனை, குழந்தைப்பருவத்து இழிவு வளர்ந்தவனின் உடலிலிருந்து அகலவில்லை என்பதைக் காட்டப் பயன்படுத்தினார். இரண்டாம் நாடகத்தில் பார்ட்டன் தேர்தல் வேட்பாளன். கட்சியின் முகவர் ஜாக் ஹே கேமராவை நோக்கித் திரும்பி, பார்வையாளரைத் தம் கூட்டாளிகளாக்கிப் பேசுகிறார். கூத்தில் கட்டியங்காரன் அரசனுடைய அவையிலும் நின்று மக்களிடமும் பேசுவதுபோன்ற இரட்டை நிலை அவருடையது. நகைச்சுவையாளரின் கண்சிமிட்டலால் அவர் நம்மை வசப்படுத்துகிறார். வசப்பட்ட நாம் அரசியல் சூழ்ச்சிக்கு உடந்தையாகிறோம். 1965 ஜூனில் ஒளிபரப்பாகவேண்டிய இந்நாடகம் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, மாற்றங்களுக்குப் பின்னரே டிசம்பரில் வெளியாயிற்று.

எழுத்தாளர்கள் இத்தேவையை உணர்ந்தே இருந்தனர். 1964இல் ‘என்கோர்’ இதழில் டிராய் கென்னடி மார்ட்டின் எழுதிய கட்டுரை, தொலைக்காட்சி நாடகம் இயல்புநவிற்சியைக் கைவிடவேண்டும் என வாதிட்டது. அவர் ஜான் மெக்ராத்தோடு இணைந்து எழுதி அதே ஆண்டில் வெளியான ‘டயரி ஆஃப் எ யங் மேன்’ என்னும் தொடர், நிழற்படங்கள், கதைசொல்லி, இசை ஆகியவற்றைக் கலந்து அமைந்தது. இம்முயற்சிகளுக்கு ஐரோப்பிய முன்னோடிகளாகப் பிரெக்ட் முதலியோரைக் காட்டுவது வழக்கம். அவ்வழக்கம் பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. பிரெக்ட்டை வாசிக்காத பார்வையாளர் இவ்வுத்திகளை ஏற்றது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அது விடை தராது. அவர்கள் வாரந்தோறும் கண்ட பல்சுவை அவர்களை ஏற்கெனவே ஆயத்தம் செய்திருந்தது.

அண்டை மாறுதல்: செய்திக்குப் பின் நாடகம்

1963இல் நியூமன் பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவரானார். 1964 அக்டோபரில் ‘த வெட்னெஸ்டே பிளே’ தொடங்கியது. ஞாயிறு இரவின் பல்சுவைக்குப் பின் வந்த நாடகம் இப்போது வாரநாளின் செய்தியறிக்கையை அடுத்து வரலாயிற்று. தயாரிப்பாளர் டோனி கார்னட்டும் இயக்குநர் கென் லோச்சும் இவ்வைப்பைத் தம் அழகியலின் பகுதியாகவே கருதினர். செய்தியைக் கண்ட மனநிலை மாறாமல் பார்வையாளர் நாடகத்துக்குள் நுழையவேண்டும் என்பது அவர்தம் நோக்கம்.

இம்மாற்றத்தின் நடுவழியில் நிற்பது நெல் டன்னின் நூலைத் தழுவி லோச் இயக்கி, 1965 நவம்பர் 3 அன்று ஒளிபரப்பான ‘அப் த ஜங்ஷன்’. தென்லண்டனின் மூன்று இளம்பெண்களின் வாழ்வை இது காட்டுகிறது. தொடர்ச்சியான கதைப்பின்னல் இதில் இல்லை. மதுக்கடை, மிட்டாய்த் தொழிற்சாலை, தெரு எனக் காட்சிகள் மாறுகின்றன. அவற்றைப் பிணைப்பவை அக்காலத்து ஜனரஞ்சகப் பாடல்களும் வாயாடிப் பேச்சும். தவணைக்காரன் ஒருவன் நீண்ட தனிப்பேச்சு நிகழ்த்துகிறான். பல்சுவை நிகழ்ச்சியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ‘எண்’களின் வரிசையே இதன் எலும்புக்கூடு. திடீரென, மறைவாகச் செய்யப்படும் கருக்கலைப்பு ஒரு பெண்ணின் அலறலாக வெளிப்படுகிறது. ஒரு மருத்துவரின் குரல் அதன் ஆபத்துகளை எடுத்துரைக்கிறது. பாடல் நிகழ்ச்சியின் வடிவத்துக்குள் செய்தியறிக்கையின் குரல் நுழையும் இத்தருணம், இரு அண்டைகளும் ஒரே நாடகத்துள் மோதும் தருணமாகும். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் சட்டம் 1967இல் நிறைவேறியது. அவ்விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்நாடகம் ஒலித்த குரலின் வலிமை, அது களிப்பின் நடுவே எழுந்ததில் உள்ளது.

1966 நவம்பர் 16 அன்று ஒளிபரப்பான ‘கேத்தி கம் ஹோம்’ இம்மாற்றத்தை நிறைவு செய்தது. ஜெரமி சாண்ட்ஃபோர்ட் எழுதி, கார்னட் தயாரித்து, லோச் இயக்கிய இது பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் படச்சுருளில், உண்மை இடங்களில் எடுக்கப்பட்டது. ஓர் இளந்தம்பதியர் வீடிழந்து, விடுதிகளில் அலைந்து, இறுதியில் இரயில் நிலையத்தில் தாயிடமிருந்து குழந்தைகள் பறிக்கப்படுவதோடு அது முடிகிறது. பெயரறியாத மக்களின் குரல்களும் வீட்டுவசதி பற்றிய புள்ளிவிவரங்களும் காட்சிகளின்மேல் ஒலிக்கின்றன. ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் அதனைக் கண்டனர் என்பர். வீடற்றோர்க்கான ‘ஷெல்ட்டர்’ அமைப்பு தனியே திட்டமிடப்பட்டு டிசம்பர் 1 அன்று தொடங்கியபோது, நாடகம் எழுப்பிய உணர்வலை அதற்குத் துணைநின்றது. இது நாடகமா, செய்தியா என்னும் குழப்பத்தைச் சிலர் கண்டித்தனர். அக்கண்டனமே அண்டைமையின் வலிமைக்குச் சான்று. பலேடியத்தை அடுத்து வந்திருந்தால் இவ்வினா இத்துணை கூர்மையாக எழுந்திராது.

பல்சுவையின் இருண்ட பக்கம்

பல்சுவையை மீட்டெடுப்பது அதனைப் புனிதப்படுத்துவதாகிவிடலாகாது. 1958 முதல் 1978 வரை பிபிசியில் வந்த ‘த பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ’, வெள்ளையர் முகத்தில் கருமை பூசிக் கறுப்பின மக்களைப்போல் பாடியாடிய நிகழ்ச்சி. 1961இல் மாண்ட்ரூ விழாவில் தங்க ரோஜா விருது பெற்றது. 1967இல் இனப்பாகுபாட்டுக்கு எதிரான இயக்கமொன்று அதனை நிறுத்தக் கோரி மனு அளித்தும் அது மேலும் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. இது வெறும் பாட்டும் ஆட்டமுமே, இதில் அரசியல் இல்லை என்பதே அதனை ஆதரித்தோரின் வாதமாக இருந்தது.

பல்சுவையை ஆய்வுக்குத் தகுதியற்ற பொழுதுபோக்கு என ஒதுக்கும் கல்விப்புலத்தின் நிலைப்பாடும் அவ்வாதமும் அடிப்படையில் ஒன்றே என்பதைக் கவனிக்கவேண்டும். ஒன்றை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக ஆக்குவது அதனை மன்னிப்பதாகவும் முடிகிறது. ‘கேத்தி கம் ஹோம்’ ஒளிபரப்பான அதே நிறுவனத்தில், அதே ஆண்டில், கருமை பூசிய முகங்களும் பாடின. அப்பத்தாண்டின் தொலைக்காட்சி முற்போக்கானது என்னும் கூற்று, நாடகத்தை மட்டும் எடுத்து வைப்பதால் மட்டுமே நிற்கிறது. ஆர்தர் ஹேன்ஸ் போன்ற நகைச்சுவையாளர்க்கு எழுதி வளர்ந்த ஜானி ஸ்பைட், 1968இல் கண்பார்வையற்ற ஒருவர் தம் எதிரிலிருப்பவன் கறுப்பன் என்று பிடிவாதமாக நம்புவதை மையமாக்கி ஒரு நாடகம் எழுதினார். வெறுப்புக்குக் கண் வேண்டியதில்லை என்பது அதன் பொருள். தொலைக்காட்சியின் இனவாதம் குறித்த கூரிய வினாக்களுள் ஒன்று பல்சுவைக்குள்ளிருந்து வந்தவரிடமிருந்தே எழுந்தது என்பதும் கருதத்தக்கது.

எஞ்சியதும் அழிந்ததும்

இவ்விரு வகைகளும் பிரிந்துபோனமைக்கு அழகியல் சார்ந்த காரணங்களோடு பொருள்சார்ந்த காரணமும் உண்டு. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இரண்டு அங்குல ஒளிநாடா விலை மிக்கது. அழித்து மீண்டும் பயன்படுத்தத்தக்கது. சங்க ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வண்ண ஒளிபரப்பு பிபிசி2இல் 1967இலும், பிபிசி1, ஐடிவி ஆகியவற்றில் 1969இலும் வந்தபின் கறுப்புவெள்ளைப் பதிவுகளின் வணிக மதிப்பு குன்றியது. பிபிசியில் படச்சுருள்களைக் காக்க நூலகம் இருந்தது. ஒளிநாடாவோ மறுபயன்பாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது.

விளைவு என்ன? ஆலன் பென்னட்டின் 1966ஆம் ஆண்டு நகைச்சுவைத் தொடரான ‘ஆன் த மார்ஜின்’ அழிக்கப்பட்டது. பீட்டர் குக்கும் டட்லி மூரும் நடத்திய ‘நாட் ஒன்லி... பட் ஆல்சோ’வின் பல பகுதிகள் அழிந்தன. படச்சுருளில் எடுக்கப்பட்ட இடைச்செருகல்கள் எஞ்சின. பலேடியம் நிகழ்ச்சிகளுள் எஞ்சியவை மிகச் சிலவே. நாடகங்களும் தப்பவில்லை. 1963 ஜனவரி 13 அன்று ஒளிபரப்பான ‘மேட்ஹவுஸ் ஆன் காசில் ஸ்ட்ரீட்’ நாடகத்தில், அப்போது அதிகம் அறியப்படாத அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பாடி நடித்தார். பிலிப் சாவில் இயக்கிய அந்நாடகம் 1968இல் அழிக்கப்பட்டது. ஒலிப்பதிவின் பகுதிகளே உள்ளன. பாடகரையும் நாடகத்தையும் ஒரே கூரையின்கீழ் கொணர்ந்த அரிய முயற்சி இங்ஙனம் மறைந்தது.

எஞ்சியவற்றை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். படச்சுருளில் எடுக்கப்பட்டவையும் படச்சுருளுக்கு மாற்றப்பட்டவையும் தப்பின. ஒளிநாடாவில் நின்றவையும் நேரலையாகச் சென்றவையும் பெரும்பாலும் மறைந்தன. எனவே வெளிப்புறப் படப்பிடிப்பை நாடிய நாடகமரபே இன்று அக்காலத்தின் முதன்மை மரபாகத் தோற்றமளிக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் பல்சுவையோடு உறவாடிய மரபு நிழலாகிவிட்டது. மரபின் எல்லையை வரைந்ததில் திறனாய்வாளரின் தேர்வுக்கு நிகராகச் சேமிப்பறையின் பழக்கத்துக்கும் பங்குண்டு.

மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் தம் தொகுப்பில், உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் குறிப்புகளிலும் மட்டும் எஞ்சிய நூல்களைத் திரட்டி, இல்லாதவற்றின் இருப்பை ஆய்வுப்பொருளாக்கினார். கிடைத்த நூல்களை மட்டும் கொண்டு இலக்கிய வரலாறு எழுதலாகாது என்பது அத்தொகுப்பு உணர்த்தும் நெறி. அந்நெறி இங்கும் பொருந்தும். அழிந்த ஒளிபரப்புகளுக்கும் உரையாசிரியர்கள் உண்டு. அன்றாட நிகழ்ச்சி நிரல்கள், தட்டச்சுப் பிரதிகள், நாளிதழ் விமர்சனங்கள், பார்வையாளர் கருத்தறிக்கைகள், வீட்டில் பதிவான ஒலிநாடாக்கள் ஆகியவையே அவை. 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரித்தானிய நாடகப் பதிவுகள் கண்டறியப்பட்டமை, அழிந்தது என்னும் தீர்ப்பும் இறுதியானதன்று என்பதைக் காட்டுகிறது. எனினும் தேடல் நாடகத்தை நோக்கியே மிகுதியும் செல்கிறது. கண்டெடுக்கப்படும் பதிவுகளின் அண்டை நிகழ்ச்சிகளையும் உடன்குறித்து ஆவணப்படுத்துவது அடுத்து ஆற்றவேண்டிய பணி.

முடிவுரை

அண்டைமை அனைத்தையும் விளக்கிவிடும் என இக்கட்டுரை கோரவில்லை. ஐடிவியின் ஒளிபரப்பு நேரங்கள் பகுதிக்குப் பகுதி வேறுபட்டன. பலேடியத்தை முடித்துக்கொண்டு பெட்டியை அணைத்தவர்களும் இருந்திருப்பர். எழுத்தாளரின் தனித்திறனையும் நிகழ்ச்சி நிரலால் அளந்துவிட இயலாது. ஆயினும் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, தனி நாடகத்தின் பெருந்திரளான பார்வையாளர் முதலில் பல்சுவை ஈட்டித் தந்தவர். இரண்டு, பின்ட்டர், பாட்டர், ஸ்பைட் ஆகியோரின் நாடக உத்திகளில் பல்சுவையின் துணுக்கும் நேர்விளிப்பும் உருமாறி வாழ்கின்றன. அண்டை செய்தியாக மாறியபோது நாடகத்தின் அழகியலும் அதனுடன் மாறியது. மூன்று, பல்சுவையை ஒதுக்கியதால் அதன் இனவாதமும் அக்காலம் பற்றிய மதிப்பீட்டிலிருந்து ஒதுங்கிக்கொண்டது.

தொலைக்காட்சி நாடகத்தை வாசிக்கும் ஆய்வாளர் அதன் எழுத்தாளர் யார், இயக்குநர் யார் எனக் கேட்பதோடு, அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் திரையில் என்ன நிகழ்ந்தது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு விடைகாணப் பல வேளைகளில் ஒரு பழைய நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலே போதும்.